ஆராய்ச்சிக்கு ஸ்கேன் எடுக்கக் கூப்பிட்டால் போகலாமா?



எம்.ஆர்.ஐ. என்ற மூன்றெழுத்தைக் கேள்விப்படாதவர் இன்றைக்கு எந்தத் தோட்டத்திலும் இல்லை. முதுகுவலி என்றாலும் சரி, கைகால் இழுத்துக்கொண்டது என்றாலும் சரி, "அந்தப் பெரிய மெஷின்ல வச்சுப் பாக்கச் சொல்லி லெட்டர் குடுங்க டிரெஸ்ஸர்" என்று மருந்தகத்துக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். வியாதிக்காக எடுக்கும் ஸ்கேனைப் பற்றி நான் இப்போது பேச வரவில்லை. எழுத வந்தது வேறு ஒன்று. பல்கலைக்கழக ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் பெயருக்கு ஒரு கடிதம் வருகிறது. "ஆராய்ச்சிக்காக உங்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க விரும்புகிறோம், சம்மதமா?" என்று கேட்கிறார்கள். போகலாமா, கூடாதா?

ரெங்கம் வட்டாரத்தில் ஒரு அம்மாவுக்கு இப்படி ஒரு கடிதம் வந்தது. பல வருடமாகச் சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அவருக்குப் போக ஆசைதான். ஆனால் மகன், "நம்மள எலியாக்கப் பாக்குறானுங்க, போகாதேம்மா" என்று சொல்லிக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டான். பிறகு என்னிடம் வந்து, "நான் செஞ்சது சரிதானே?" என்று கேட்டான்.

சரியில்லை என்பது என் அபிப்பிராயம். கூப்பிட்டால் போக வேண்டும். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். இதைத்தான் இங்கே கொஞ்சம் விளக்கமாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒன்று. அந்தப் பையனுடைய பயத்தை நான் கேலி செய்யவில்லை. அந்தப் பயத்துக்குச் சரித்திரம் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முந்தி இந்த மண்ணில் பெரிபெரி என்று ஒரு நோய் கூலிகளைக் கொன்று குவித்தது. கால் வீங்கும், நடை தளரும், கடைசியில் இருதயம் நின்றுவிடும். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. 1905-ல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் டாக்டர் பிளெட்சர் என்பவர் ஒரு சோதனை செய்தார். நோயாளிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறும், மற்றதற்குப் புழுங்கலரிசிச் சோறும் போட்டார். வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களில் பலருக்குப் பெரிபெரி வந்தது. அவர்களில் 18 பேர் இறந்தும் போனார்கள். 1907-ல் பிரேசர், ஸ்டாண்டன் என்ற இரண்டு டாக்டர்கள் நெகிரி செம்பிலான் காட்டுக்குள் ரோடு போட்டுக்கொண்டிருந்த ஜாவாக்காரத் தொழிலாளர்களை வைத்து இதே சோதனையைச் செய்து, நோய்க்குக் காரணம் தீட்டிய அரிசி என்று உறுதிப்படுத்தினார்கள். புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ்க் கூலிகளிடம் அந்த நோய் ஏன் குறைவாக இருந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

உலகத்துக்கே பயன்பட்ட ஆராய்ச்சி அது. ஆனால் அந்த மனநோயாளிகளிடம், "உனக்குச் சம்மதமா?" என்று கேட்கும் வழக்கமே அந்தக் காலத்தில் இல்லை. ஆகவே "எலியாக்கப் பாக்குறாங்க" என்று ஒருவன் சொன்னால், அவன் தாத்தா காலத்து நினைவு பேசுகிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இன்றைக்குச் சட்டதிட்டம் வேறு. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சியை முதலில் ஒரு நெறிமுறைக் குழு பார்த்து அனுமதிக்க வேண்டும். சுகாதார அமைச்சின் கீழும் பல்கலைக்கழகங்களிலும் அப்படிப்பட்ட குழுக்கள் இருக்கின்றன. உங்கள் கையெழுத்தில்லாமல் உங்களைத் தொட முடியாது.

இந்த மெஷின் உள்ளே என்ன நடக்கிறது? நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் அணுவின் கரு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம் மாதிரி. பூமியின் காந்த சக்தியைவிட 30,000 மடங்குக்கும் அதிகமான காந்தத்துக்குள் நம்மைப் படுக்க வைத்தால், அந்தக் குட்டிக் காந்தங்களில் ஒரு சிறு பங்கு ஒரே திசையில் சாயும். அப்போது ரேடியோ அலையால் அவற்றைத் தட்டிவிட்டு, அவை திரும்பப் படியும்போது கொடுக்கும் சத்தத்தைக் கம்ப்யூட்டர் படமாக்குகிறது. சாதாரண எம்.ஆர்.ஐ. மெஷின் பேசும் ரேடியோ அலை 64 மெகாஹெர்ட்ஸ். நீங்கள் மின்னல் எஃப்.எம். கேட்கும் வரிசைக்குக் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான். எக்ஸ்ரே கதிர் இதில் இல்லை. "கதிர் பட்டு ரத்தம் சுண்டிப் போகும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

1973-ல் அமெரிக்காவில் லாட்டர்பர் என்பவர் இந்த முறையில் முதன்முதலாக எடுத்துக் காட்டிய படம் தண்ணீர் நிரம்பிய இரண்டு சின்னக் குழாய்கள்தான்! அவருக்கும் இங்கிலாந்தின் மான்ஸ்பீல்டுக்கும் 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த மெஷின் படத்தைக் கணக்குப் போட்டு எடுக்கும் வழியை 1975-ல் சுவிட்சர்லாந்தில் வெளியிட்ட மூவரில் அனில் குமார் என்ற இந்தியரும் ஒருவர். பிற்பாடு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருந்தார். இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அதே காந்தத்தை வைத்து இன்னொரு வேலையும் செய்கிறார்கள். அதற்கு ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி என்று பெயர். படம் எடுப்பதற்குப் பதிலாக, உடம்பின் ஒரு சிறு இடத்தில் என்னென்ன ரசாயனம் எவ்வளவு இருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்பது. ரேடியோவில் முள்ளைத் திருகினால் வேறு வேறு நிலையம் வருகிற மாதிரி, கொழுப்பு ஒரு இடத்தில் கேட்கும், தண்ணீர் ஒரு இடத்தில், நரம்புச் செல்லின் சரக்கு ஒரு இடத்தில். கத்தி வேண்டாம், ஊசியால் சதை எடுக்க வேண்டாம். டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் ஜகந்நாதன் குழுவினர் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களை இப்படிப் பார்த்தார்கள். கட்டியில் கோலின் என்ற பொருளின் சத்தம் கேட்டது. மருந்து பலித்தவர்களிடம் அந்தச் சத்தம் குறைந்தது, அல்லது மறைந்தே போனது. இதை 2001-ல் எழுதி வெளியிட்டார்கள்.

இதெல்லாம் டில்லியிலும் சீமையிலும் நடக்கிற கதை, நமக்கென்ன என்று கேட்பீர்கள். நம் நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

1998 கடைசியில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சல் வந்து மூளை தாக்கியது. அடுத்த சில மாதத்தில் நெகிரி செம்பிலானில் சிக்காமட், புக்கிட் பிளாண்டோக், சுங்கை நிப்பா என்று பரவியது. செத்தவர்களில் பெரும்பாலோர் சீனப் பண்ணைக்காரர்கள். அங்கே கூலி வேலைக்குப் போன நம் ஆட்களும் உண்டு. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டவனும் விழுந்தான். வழக்கமாகக் குழந்தைகளைத் தாக்கும் அந்தக் காய்ச்சல், பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரிய ஆண்களையே ஏன் குறிபார்த்து அடிக்கிறது என்ற சந்தேகம் சிலருக்கு எழுந்தது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். நோயாளி வந்த கிராமத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள், நிப்பா என்று. நோய் அடங்குவதற்குள் மலேசியாவில் 265 பேர் மூளைக்காய்ச்சலில் விழுந்தார்கள், அவர்களில் 105 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரில் பன்றி அறுக்கும் கொட்டடியில் 11 பேருக்கு வந்து ஒருவர் போனார். பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள்.

கிருமியைக் கண்டுபிடித்தது ஆய்வுக்கூடம். எம்.ஆர்.ஐ. அதைக் கண்டுபிடித்ததாக யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் அந்தக் கிருமி மூளைக்குள் என்ன செய்கிறது என்பதைக் காட்டியது இந்தக் காந்த மெஷின்தான். ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் மூளையின் நடுப்பகுதியில் பெரிதாக அடிபட்டிருக்கும். நிப்பா நோயாளிகளை எம்.ஆர்.ஐ. எடுத்தபோது அப்படி இல்லை. 2 மில்லிமீட்டரிலிருந்து 7 மில்லிமீட்டர் வரை சின்னச் சின்னப் புள்ளிகள், மூளையின் இரண்டு பக்கமும், கடுகு தெறித்த மாதிரி! சின்ன ரத்தக் குழாய்கள் வீங்கி அடைத்துப்போன இடங்கள் அவை என்று, இறந்தவர்களின் மூளையைப் பரிசோதித்தவர்களின் ஆராய்ச்சியையும் சேர்த்துப் பார்த்தபோது விளங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் கட்சிக்கு முக்கியம். காய்ச்சலே வராத சில பேரின் ரத்தத்தில் அந்தக் கிருமி பட்ட அடையாளம் இருந்தது. அவர்களையும் கூப்பிட்டு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். "எனக்கு ஒன்றும் இல்லையே, நான் எதற்கு வரணும்?" என்று அவர்கள் சொல்லியிருக்கலாம். வந்தார்கள். அவர்களில் சிலர் மூளையிலும் அதே புள்ளிகள்! பிழைத்து வீட்டுக்குப் போனவர்களையும் டாக்டர்கள் விடவில்லை, தொடர்ந்து பார்த்தார்கள். அதனால்தான் ஒரு பயங்கரமான உண்மை வெளியே வந்தது. சிலருக்கு மாதங்களும் வருடங்களும் கழித்து நோய் திரும்ப வருகிறது. முதலில் நோயே வராதவருக்கும் பிந்தி வருகிறது. 11 வருடம் கழித்து ஒருவருக்கு வந்ததை 2012-ல் நம் நாட்டு டாக்டர்கள் எழுதினார்கள். பண்ணையில் வேலை செய்த சாதாரண ஜனங்கள் மறுபடி மறுபடி போய் அந்தக் குழாய்க்குள் படுத்திருக்காவிட்டால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்? 2018-ல் கேரளத்தில் கோழிக்கோடு பக்கம் நிப்பா வந்து 17 பேர் இறந்தபோது, அங்கே இருந்த டாக்டர்கள் கையில் ஏற்கனவே இந்தப் பாடம் இருந்தது. நெகிரி செம்பிலான் பண்ணைத் தொழிலாளியின் தலையிலிருந்து எடுத்த பாடம் அது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இது எனக்குக் கொஞ்சம் கோபம் வரவழைக்கிற விஷயம். ஸ்கேன் படத்தைப் பார்த்து "இது சரியான அளவு, இது சுருங்கிவிட்டது" என்று டாக்டர் சொல்கிறாரே, அந்தச் சரியான அளவு யாருடைய அளவு? இங்கிலாந்தில் யூ.கே. பயோபேங்க் என்ற திட்டத்தில் 100,000 பேரை ஸ்கேன் எடுத்து 2025-ல் முடித்தார்கள். பிரமாதமான வேலைதான். ஆனால் அதில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். மூளைக்கு உலகம் முழுக்க வைத்துக்கொண்ட அளவுப்படம் கனடாவில் மாண்ட்ரியாலில் தயாரானது, அதுவும் பெரும்பாலும் அவர்கள் தலைதான். 2019-ல் ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் ஜெயந்தி சிவசாமி குழுவினர் 50 ஆண், 50 பெண் என்று 100 இந்தியர்களின் எம்.ஆர்.ஐ. படத்தை வைத்து இந்திய மூளைக்கு ஒரு அளவுப்படம் செய்தார்கள். நம் மூளை நீளம், அகலம், உயரம் எல்லாவற்றிலும் சராசரியில் கொஞ்சம் சிறியது என்று தெரிந்தது. (புத்தி குறைவு என்று அர்த்தமில்லை, யாரும் மனைவியிடம் போய் இதைச் சொல்லிச் சண்டை இழுக்க வேண்டாம்!) வெள்ளைக்காரன் அளவை வைத்துப் பார்த்தால், சாதாரணமாக இருக்கும் நம் கிழவரின் மூளையைச் சுருங்கிவிட்டது என்று தப்பாகச் சொல்லிவிடும் ஆபத்து இருக்கிறது. நூறு பேர் படுத்துக் கொடுத்தார்கள், ஒரு அளவு கிடைத்தது. நாம் படுக்காவிட்டால் நமக்கு அளவு யார் தருவார்?

சர்க்கரை வியாதிக்கு வருவோம். இந்த நாட்டில் நம் இனத்தவரிடம்தான் இது அதிகம் என்று அரசாங்கச் சுகாதாரக் கணக்கெடுப்புகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. 2011-ல் இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ராய் டெய்லர் குழு ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டது. எத்தனை பேரை வைத்து என்கிறீர்கள்? சர்க்கரை வியாதிக்காரர்கள் 11 பேர்! 8 வாரம் ஒரு நாளைக்கு 600 கலோரி மட்டும் சாப்பாடு. இடையிடையே காந்த மெஷினில் படுக்க வைத்து ஈரலிலும் கணையத்திலும் எவ்வளவு கொழுப்பு என்று அளந்தார்கள். ஒரே வாரத்தில் ஈரல் கொழுப்பு சரிந்தது, வெறும் வயிற்றுச் சர்க்கரை சாதாரண நிலைக்கு வந்தது. எட்டு வாரத்தில் கணையத்துக் கொழுப்பும் இறங்கி, இன்சுலின் சுரப்பு மீண்டது. "சர்க்கரை வந்தால் வந்ததுதான், இறங்கவே இறங்காது" என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததையே அந்த 11 பேர் மாற்றிவிட்டார்கள்.

(ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு நாளைக்கே பட்டினி கிடக்காதீர்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை சடாரென்று இறங்கி மயக்கம் வரும். முதலில் டாக்டரைப் பாருங்கள்.)

தொப்பை பெரிதாக இல்லாமலே ஈரலில் கொழுப்பு சேர்வது நம்மவர்களிடம் சகஜம். செம்பனைக் குலை வெட்டுகிற ஒல்லியான ஆளுக்கு ஏன் நாற்பது வயதில் சர்க்கரை வருகிறது? இதற்கு நியூகாசல் வெள்ளைக்காரர் உடம்பில் முழுப் பதில் கிடைக்காது. அந்த அம்மாவின் ஈரலில்தான் கொஞ்சம் இருக்கிறது. மகன் கிழித்துப் போட்டது அதைத்தான்.

சரி, கேட்க வேண்டியது என்ன? சம்மதக் கடிதம் உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். மலாயோ ஆங்கிலமோ புரியாவிட்டால், தமிழில் வாசித்து விளக்கும் வரை பேனாவைத் தொடாதீர்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல், "நான் வரல" என்று விலகும் உரிமை உங்களுக்கு உண்டு. விலகினால் உங்கள் வழக்கமான வைத்தியம் பாதிக்கக் கூடாது. ஸ்கேனில் தற்செயலாக ஏதாவது கோளாறு தெரிந்தால் யார் உங்களிடம் சொல்வார், எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார் என்று முன்கூட்டியே கேளுங்கள். இதைக் கேட்பது ரொம்ப முக்கியம். ஆராய்ச்சி ஸ்கேன் வைத்தியம் அல்ல, அவர்கள் தேடுவது ஒன்று, உங்களுக்கு இருப்பது வேறொன்றாக இருக்கலாம். காசு கட்டச் சொன்னால் அது ஆராய்ச்சியே இல்லை, வியாபாரம். எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது கூலி. இதை யாரும் பேசுவதில்லை, நான் பேசுகிறேன். ரெங்கத்திலிருந்து கோலாலம்பூர் போய்வர ஒரு நாள் முழுசாகப் போய்விடும். உடம்பு நன்றாக இருக்கிறவனுக்கு எம்.சி. கிடைக்காது. பெரட்டுக்குப் போகாதவனுக்குச் சம்பளமும் கிடையாது. மாதச் சம்பளக்காரர் லீவு போட்டுவிட்டுப் போவார், வெட்டுக்காரன் எப்படிப் போவான்? இதனால்தான் ஆராய்ச்சிப் பட்டியலில் பட்டணத்து ஆட்களாகவே இருக்கிறார்கள் என்பது என் எண்ணம். போக்குவரத்துச் செலவும் ஒரு நாள் கூலியும் ஆராய்ச்சி நடத்துகிறவர்கள் கொடுக்க வேண்டும். அந்த நாளை ஆப்சென்ட் போடக்கூடாது என்று நிர்வாகங்களோடு பேசும்போது சங்கம் ஒரு வரி சேர்க்க வேண்டும். பெரிய கோரிக்கை இல்லை. வருடத்துக்கு எத்தனை பேருக்கு வரப்போகிறது?

கடைசியாக, காந்தத்துக்குள் போகும்போது கவனிக்க வேண்டியது. அங்கே போனதும் ஒரு பாரம் கொடுத்து உடம்பில் இரும்பு இருக்கிறதா என்று கேட்பார்கள். வெட்கப்படாமல், ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். இருதயத்தில் பேஸ்மேக்கர், பழைய ஆப்பரேஷனில் வைத்த கிளிப் எல்லாம் சொல்ல வேண்டும். தோட்டத்து ஒர்க்ஷாப்பில் வெல்டிங் செய்தவர்கள், அரிவாளை கிரைண்டரில் தீட்டுகிறவர்கள், எப்போதாவது கண்ணில் இரும்புத் தூள் பட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கண்ணுக்குள் தங்கிய சின்னத் துகளைக் காந்தம் அசைத்தால் பார்வையே போகலாம். தாயத்து, அரைஞாண் கொடி, மூக்குத்தி எல்லாம் கழற்ற வேண்டியிருக்கும். தாலியைக் கழற்றச் சொல்வார்களே என்று தயங்கும் தாய்மார்கள் மஞ்சள் கயிற்றில் வெறும் மஞ்சள் கிழங்கைக் கோத்துக் கட்டிக்கொண்டு போகலாம், ஒரு தொந்தரவும் இல்லை. முகத்தில் சுசுக் ஊசி வைத்திருப்பவர்களும் சொல்லிவிடுவது நல்லது, ரகசியம் நர்ஸோடு போய்விடும். மெஷின் அறைக்குள் கூட வருகிறவர்களும் எதையும் எடுத்துக்கொண்டு நுழையக் கூடாது. 2018 ஜனவரியில் மும்பையில் ஒருவர் உறவினருக்காக ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். காந்தம் சிலிண்டரோடு அவரையும் இழுத்து, அவர் உயிர் போனது. மெஷின் ஓடாத மாதிரி இருந்தாலும் காந்தம் எப்போதும் வேலை செய்துகொண்டிருக்கும்.

உள்ளே அரை மணி, முக்கால் மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். ரோடு உடைக்கும் மெஷின் மாதிரி சத்தம் போடும், காதில் அடைப்பான் கொடுப்பார்கள். கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள், பயமாக இருந்தால் அமுக்கினால் வெளியே எடுத்துவிடுவார்கள். நிறம் தெரிய ஊசி போட வேண்டும் என்று சொன்னால், கிட்னி கோளாறு உள்ளவர்கள் முதலில் அதைச் சொல்லுங்கள்.

கடிதம் வந்தவர்கள் கிழிப்பதற்கு முன்னால் மருந்தகத்துக்குக் கொண்டு வாருங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் நான் சும்மாதான் இருப்பேன், உட்கார்ந்து வரி வரியாக வாசித்துச் சொல்கிறேன். அந்த அம்மாவுக்காக மறுபடி ஒரு கடிதம் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன். மகனே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.